டர்பனில் வாடகை ஃப்ளாட்டா, சொந்த வீடா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

“வாடகை கொடுக்கிறது தண்டம். அதே காசைப் பாண்டில் (வீட்டுக் கடனில்) கட்டினால் வீடு உங்களுக்கு.” தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் மாதத்திலேயே கோயிலில், அலுவலகத்தில், மசாலாக் கடையில் என்று நாலைந்து பேர் எங்களிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்த மண்ணை விட்டு எங்கும் போகப் போவதில்லை என்று இருப்பவர்களுக்கு அது சரிதான். வேலை விசாவில் வந்திருக்கும் நமக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

நாங்கள் டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு ஃப்ளாட்டுகளில் ஆறு ஆண்டு வாடகைக்கு இருந்தோம். பிறகு சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு வாங்கினோம். முதல் ஃப்ளாட்டில் டெபாசிட்டில் பாதிக்கு மேல் போனது. வீடு வாங்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கவனிக்காததால் இரண்டு மாதம் இரண்டு இடத்துக்கும் பணம் கட்டினோம். நீங்கள் அந்தப் பணத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

1. முதலில் ஆண்டுகளை எண்ணுங்கள்

வாடகையையும் பாண்ட் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பாண்டில் முதல் சில ஆண்டுகள் நீங்கள் கட்டுவது பெரும்பாலும் வட்டி.

15 லட்சம் ராண்ட் வீடு, 10% முன்பணம், மீதி 13.5 லட்சம் பாண்ட், வட்டி 10.5%, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,480 ராண்ட். முதல் மாதம் அதில் 11,800க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 1,700 கூட இல்லை. ஐந்து ஆண்டில் எட்டு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், ஆனாலும் 12.2 லட்சம் கடன் பாக்கி நிற்கும். அசலில் அடைந்தது சுமார் 1.3 லட்சம்தான்.

இப்போது மற்ற செலவைப் பாருங்கள். வாங்கும்போது வக்கீல், பதிவு, வரி எல்லாம் சேர்த்து விலையில் 6 முதல் 8% வரை தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். இந்த வீட்டுக்கு 90,000 முதல் 1,20,000 வரை. விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் விற்பவர் தலையில். அது பேசி முடிவு செய்வது. 5% என்று வைத்தாலும் 75,000, அதன் மேல் 15% வாட் வரி. ஆக, வாங்கி விற்கும் செலவே ஐந்து ஆண்டில் அடைத்த அசலைத் தின்றுவிடும். வீட்டின் விலை நன்றாக ஏறினால்தான் கையில் ஏதாவது நிற்கும்.

அதனால் என் கருத்து இது: ஐந்து ஆண்டுக்குள் ஊர் மாறவோ நாடு மாறவோ வாய்ப்பிருந்தால் வாடகையே நல்லது. விசா எத்தனை ஆண்டுக்கு, நிறுவனம் ஜொகன்னஸ்பர்க்குக்கு மாற்றுமா, பிள்ளைகளை மேல்படிப்புக்கு ஊருக்கு அனுப்பும் எண்ணம் உண்டா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நாட்டை விட்டுப் போன பிறகு விற்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். வரிக் கணக்கில் வெளிநாட்டவராகிவிட்டால், 20 லட்சத்துக்கு மேல் விற்கும் வீட்டுக்கு 7.5% பணத்தை வாங்குபவரே பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். பிறகு கணக்குக் காட்டித்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும்.

2. வாடகை: முழுச் செலவையும் டெபாசிட்டையும் பாருங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை மட்டும் செலவு இல்லை. மின்சாரம் பெரும்பாலும் ப்ரீபெய்டு மீட்டர், அது உங்கள் செலவு. தண்ணீர் வாடகையில் அடக்கமா, கார் நிறுத்த இடம் உண்டா, லீஸ் (வாடகை ஒப்பந்தம்) எழுதக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்று நான்கையும் கேளுங்கள். ஏற்றம் லீஸிலேயே எழுதியிருக்கும். முதல் ஆண்டு வாடகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விசாவோடு பாஸ்போர்ட், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், வேலை தரும் நிறுவனத்தின் கடிதம். புதிதாக வந்தவருக்கு இந்த நாட்டில் கடன் வரலாறு இருக்காது. அதனால் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்பது சகஜம். வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன் டெபாசிட் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டு ஏமாற்றும் ஆட்கள் நிறைய.

இனி டெபாசிட். நாங்கள் முதல் ஃப்ளாட்டுக்குள் போன அன்று பெட்டிகளை இறக்கும் அவசரத்தில் சாவியை வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். குளியலறைத் தொட்டியின் ஓரத்தில் எனாமல் பெயர்ந்து நகம் அளவுக்குக் கறுப்பாக இருந்தது. சமையலறை மேடையில் சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு. இரண்டையும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்தபோது அந்த இரண்டுமே நாங்கள் செய்த சேதம் என்று எழுதி, டெபாசிட்டில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். காலி செய்யும்போது, லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் உங்களை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை என்றால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். டெபாசிட்டில் கை வைக்க முடியாது. டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும், அந்த வட்டியும் உங்களுக்குத்தான். பாக்கி எதுவும் இல்லையென்றால் லீஸ் முடிந்த 7 நாளில் திருப்பித் தர வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால், வீட்டை நீங்கள் திருப்பி ஒப்படைத்ததிலிருந்து 14 நாள். செலவுக்கு ரசீதும் காட்ட வேண்டும். கடைசிப் பார்வைக்கு நீங்கள் வராமல் போனால் 21 நாள் வரை இழுக்கலாம். ஆகவே விமான டிக்கெட்டை அதற்கு முன்னால் போட்டுவிடாதீர்கள்.

தகராறு வந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வாடகை பாக்கி என்றாலும்கூட நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியே தள்ளவோ, பூட்டை மாற்றவோ யாருக்கும் உரிமை இல்லை.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கட்டிய அவுட்பில்டிங் வாடகைக்குக் கிடைக்கும். ஃப்ளாட்டைவிட மலிவு. பண்டிகை நாளில் வீட்டுக்கார ஆயா (பாட்டி) முன்வீட்டிலிருந்து தட்டோடு வந்து நிற்பார், புதிதாக வந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே மின்மீட்டர். யார் எவ்வளவு கட்டுவது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். “நமக்குள் என்னம்மா தாள்” என்று அவர்கள் சொன்னாலும், எழுதித் தரக் கேட்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. அன்பாகவே கேளுங்கள், தருவார்கள்.

3. சொந்த வீடு: மாதக் கணக்கு

அதே 15 லட்சம் வீட்டுக்கு நாங்கள் போட்ட மாதக் கணக்கு:

- பாண்ட் தவணை 13,480
- வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் 69
- நகராட்சி ரேட்ஸ் (வீட்டு வரி) 1,400
- கட்டடக் காப்பீடு 700
- பராமரிப்பு 1,250

மொத்தம் 16,900 ராண்ட். அப்போது ஃப்ளாட் வாடகை 10,500. காப்பீடு இல்லாமல் வங்கி பாண்ட் தராது. பெரும்பாலும் ஆயுள் காப்பீடும் கேட்பார்கள், அது வேறு. பராமரிப்புக்கு விலையில் ஆண்டுக்கு 1% என்று வைத்தேன். அது மிகை இல்லை. குடிபோன எட்டாவது மாதம் கீசர் வெடித்துக் கூரைத்தளம் முழுக்க நனைந்தது. காப்பீடு இருந்தும், நம் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது.

வட்டியையும் நிலையானது என்று நினைக்காதீர்கள். 2021இல் இங்கே வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் 7%. 2023 மே மாதம் 11.75%. 13.5 லட்சம் பாண்டுக்கு 7% வட்டியில் தவணை சுமார் 10,470, 11.75%இல் 14,630. இரண்டே ஆண்டில் மாதம் நான்காயிரம் கூடிய வீடுகளை எனக்கு நேரில் தெரியும். இன்றைய வட்டிக்கு மேல் 2% கூட்டிப் போட்டுப் பாருங்கள். அதையும் உங்கள் சம்பளம் தாங்கினால்தான் அடுத்த அடி.

அப்படித் தாங்கினால், மாதம் 1,000 ராண்ட் கூடுதலாகக் கட்டுங்கள். மேலே சொன்ன கடன் 20 ஆண்டுக்குப் பதில் சுமார் 16 ஆண்டில் முடியும்.

ஃப்ளாட்டையே சொந்தமாக வாங்கினால் ரேட்ஸோடு மாதா மாதம் லெவியும் (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) உண்டு. குடியிருப்பின் உரிமையாளர் சங்கமான பாடி கார்ப்பரேட்டிடம் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, வரவு செலவு, சேமநிதியில் இருக்கும் தொகை, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் பழசு, சேமநிதி காலி என்றால் சிறப்பு லெவி வரப்போகிறது என்று அர்த்தம்.

4. பாண்டுக்கு முன் ஒப்புதல்

வீடு பார்க்கப் போவதற்கு முன் இதை முடியுங்கள். வங்கிக்கு நேராகப் போகலாம், அல்லது பாண்ட் ஒரிஜினேட்டர் என்ற தரகர் மூலம் பல வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு வங்கிதான் கமிஷன் தருகிறது, உங்களுக்குச் செலவில்லை. வட்டியில் அரை சதவீதம் குறைந்தாலும் இருபது ஆண்டில் அது பெரிய தொகை, அதனால் ஒரே வங்கியோடு நிற்காதீர்கள்.

வாடகைக்குக் கொடுத்த அதே காகிதங்களோடு, மூன்று மாதத்துக்குள் தேதியிட்ட முகவரிச் சான்று, மாத வரவு செலவுப் பட்டியல், மணச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் அல்லது இலங்கையில் நடந்த திருமணம் என்றால் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டி வரும், ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் வேலை நின்றுவிடும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் இப்போதே அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

நிரந்தர வதிவிடம் இல்லாதவரிடம் வங்கி அதிக முன்பணம் கேட்கும். ஊரிலிருந்து பணம் கொண்டுவந்து கட்டினால், அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்டும் வங்கிச் சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்றுவிட்டுத் திரும்பும்போது அந்தப் பணத்தை வெளியே எடுத்துப் போக அதுதான் சாட்சி.

5. மழை நாளில் வீடு பாருங்கள்

வெயிலில் எல்லா வீடும் அழகு. டர்பன் முழுக்க மேடு பள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு நட்டாலில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சரிவுகளில் கட்டிய வீடுகள் மண்ணோடு இறங்கின. அதனால் முதலில் வீட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். மண்ணைத் தாங்கும் சுவரில் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வெளியேறத் துளை இருக்கிறதா, மேல்வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள்.

நாங்கள் வேண்டாம் என்று விட்ட ஒரு வீட்டில், படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே மட்டும் பெயின்ட் புத்தம்புதிதாக இருந்தது. கையை வைத்தேன். சுவர் குளிர்ந்து, விரல் லேசாக உள்ளே அமுங்கியது. அலமாரியைத் திறந்தால் ஈரத்துணி வாடை. வெளியே நல்ல வெயில், அதற்கு முந்தின இரவு மட்டும் மழை.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் பழைய கவுன்சில் (நகராட்சி கட்டிய) வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கலாம். அதைப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் கழற்ற வேண்டும், செலவு அதிகம். பக்கத்து வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பாருங்கள், ஒழுகல் சுவர் தாண்டி வரும்.

பின்னால் அவுட்பில்டிங் இருந்தால், “வாடகை வரும், பாண்டுக்கு உதவும்” என்பார்கள். நகராட்சி அனுமதித்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத கட்டடத்துக்குச் சேதம் வந்தால் காப்பீடு கையை விரிக்கலாம், விற்கும்போது வாங்குபவர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்பார்.

ஒப்பந்தங்களில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற ஆப்பிரிகான்ஸ் சொல் வரும். உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று பொருள். அதனால் விற்பவர் நிரப்பித் தர வேண்டிய குறைகள் பட்டியலைக் கேளுங்கள். 2022 பிப்ரவரி முதல் ஏஜென்ட் மூலம் விற்கும் வீட்டுக்கு அது கட்டாயம். ஏஜென்ட்டிடம் தொழில் செய்யத் தேவையான, செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. வாங்கும் ஒப்பந்தம்

‘ஆஃபர் டு பர்சேஸ்’ என்று ஒரு தாள் நீட்டுவார்கள். பெயரைப் பார்த்து இது வெறும் விலை கேட்கும் தாள் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே ஒப்பந்தம். மனம் மாற ஐந்து நாள் அவகாசம் உண்டு என்று யாராவது சொன்னால், அது 2,50,000 ராண்டும் அதற்குக் கீழும் உள்ள வீட்டுக்குத்தான். “இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றைக்கே போடுங்கள்” என்றாலும் ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

பாண்ட் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனை, தொகையோடும் கடைசித் தேதியோடும் இருக்க வேண்டும். வயரிங் பாதுகாப்பானது என்ற மின்சாரச் சான்றிதழ் விற்பவர் செலவில் என்று எழுதியிருக்க வேண்டும். அது இரண்டு ஆண்டுக்குள் எடுத்ததாக இருப்பது அவசியம். மரத்தை வண்டு அரிக்கவில்லை என்ற சான்றிதழும் இந்தக் கடற்கரைப் பக்கம் வழக்கம். காஸ் அடுப்பு, மின்வேலி இருந்தால் அவற்றுக்கும் தனிச் சான்றிதழ்.

நாங்கள் தவறவிட்ட வரி, குடியேறும் தேதி. பதிவு நாளுக்குப் பதில் குறிப்பிட்ட ஒரு மாதத்தின் முதல் தேதி என்று இருந்தது. விற்பவரின் பழைய தண்ணீர்க் கட்டணப் பாக்கியால் பதிவு தள்ளிப்போக, அந்த முதல் தேதியிலிருந்து அவருக்கு நாங்கள் மாதா மாதம் குடியிருப்பு வாடகை கட்ட வேண்டி வந்தது. ஃப்ளாட் லீஸும் அப்போது முடியவில்லை. நீங்கள் ‘பதிவு ஆகும் நாளில்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

7. பணமும் நாட்களும்

பதிவு செய்யும் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுப்பார், கட்டணம் நீங்கள் கட்டுவீர்கள். இங்கே வழக்கம் அப்படி. பாண்டைப் பதிவு செய்ய இன்னொரு வக்கீல், விற்பவரின் பழைய பாண்டை ரத்து செய்ய மூன்றாமவர்.

வீடு கைமாறும்போது அரசுக்குக் கட்டும் வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி 2025 ஏப்ரல் 1 முதல் 12,10,000 ராண்ட் வரை கிடையாது. அதற்கு மேல் 16,63,800 வரை உள்ள பகுதிக்கு 3%. 15 லட்சம் வீட்டுக்கு 8,700 வரும். கட்டுமான நிறுவனத்திடம் வாட் சேர்த்துப் புது வீடு வாங்கினால் இந்த வரி இல்லை. வங்கியின் தொடக்கக் கட்டணம் அதிகபட்சம் 6,037.50. வக்கீல்களிடம் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள்.

முன்பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கு), உங்களுக்கு வட்டி வரும்படி போடப்பட வேண்டும். கவனம்: வக்கீலிடமிருந்து வந்தது போலவே கணக்கு எண்ணை மாற்றி மின்னஞ்சல் அனுப்பும் மோசடி இங்கே அதிகம். பணம் அனுப்பும் முன் நேரில் வாங்கிய எண்ணுக்குப் போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிச் சரிபாருங்கள். இதை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள்.

கையெழுத்திலிருந்து பதிவு வரை மூன்று மாதம் வையுங்கள். நகராட்சியின் ரேட்ஸ் கிளியரன்ஸ் (பாக்கி இல்லை என்ற சான்று), வரித்துறை ரசீது, சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் காகிதங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்துக்குப் போகும். டர்பன் வீடுகளுக்கும் பதிவு அங்கேதான்.

8. ஃப்ளாட்டை விடும் நேரம்

பாண்ட் கிடைத்த சந்தோஷத்தில் உடனே நோட்டீஸ் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட லீஸையும் பெரும்பாலும் 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸில் முறிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நியாயமான அபராதம் கேட்கலாம். காகிதங்கள் பத்திர அலுவலகத்துக்குப் போய்விட்டன என்று வக்கீல் சொன்ன பிறகு நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாத வாடகை அதிகம் போனாலும் தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

பதிவான அன்றே வீட்டுப் பூட்டுகளை மாற்றுங்கள், ப்ரீபெய்டு மீட்டரில் பழைய பாக்கி இல்லை என்று உறுதி செய்யுங்கள், தண்ணீர் மீட்டரைப் படம் எடுங்கள், நகராட்சிக் கணக்கை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது ஃப்ளாட்டுக்குள் போனபோது 64 படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தேன். காலி செய்யும் நாளில் அவரும் நானும் அறை அறையாக நடந்தோம். குளியலறைக் கண்ணாடியில் ஒரு கீறலைக் காட்டி, “இது?” என்றார். போனை எடுத்து 41ஆவது படத்தைக் காட்டினேன். “சரிம்மா” என்று தாளில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது நாள் டெபாசிட் வட்டியோடு கணக்கில் வந்தது.